இடது ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை

தம்பி,

நேற்று மத்தியானம் போனில் நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பா, பேச்சியம்மாள்னு ஒருத்தங்க வேலை கேட்டு வந்திருக்காங்க. கையில பழைய தீக்காயம் இருக்கு. உங்க கம்பெனியில இருந்தவங்களாம். அந்தப் பொய் சொன்ன ஆளா? வேண்டாம்னு சொல்லி அனுப்பிரவா?" என்று கேட்டாய். நான், "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஒருவரை வேலைக்கு வைக்கலாமா கூடாதா என்று கேட்டால், நீ வாயை மூடுவதற்குள் பதில் சொல்கிறவன் நான். முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக நின்றவனுக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது உனக்கே விசித்திரமாகப் பட்டிருக்கும். ராத்திரி நீ மறுபடி இரண்டு முறை கூப்பிட்டாய். போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் நீ கேட்டது இதைவிடப் பெரிய விஷயம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் யூனிட்டில் நானே போர்மேனாக வந்து நிற்க வேண்டும் என்றாய். "நீங்க நின்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்ப்பா" என்றாய். மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு, என்னை நம்பி இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறாய். வருகிற திங்கட்கிழமை பூஜை, அன்றைக்கே ஆட்கள் ரூமுக்குள் உட்காரப் போகிறார்கள். உன் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். அதை நேரில் சொன்னால் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவேன். தப்பு என்மேல் இருக்கும்போது எனக்கு முதலில் வருவது கோபம்தான், உனக்குத் தெரியாததா. அதனால் எழுதுகிறேன். இதை என் ரிக்கார்டு பிளேயர்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதல் பிளேயர் வாங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி. கோயில் வழி நெடுக ரேடியோ செட் கட்டியிருந்தவர் கேசட்டுக்கு மாறிவிட்டார், தன் பழைய பிளேயரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சாத்தூரில் அவரைத் தேடிப் பிடித்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் மல்லாங்கிணறு போய்ச் சேர்ந்தேன். அங்கே மழையில்லாமல் பருத்தி கருகிக்கொண்டிருந்தது. "வெள்ளாமைக்கு வழியில்ல, தொரைக்குப் பாட்டுப் பெட்டி கேக்குதோ?" என்று உன் தாத்தா ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிளேயரின் கை கனமானது. அதன் நுனியில் விரல்கணு அளவுக்கு ஒரு பெட்டி, அதுதான் கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டின் பள்ளத்தில் முள் ஆடுகிற ஆட்டத்தை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதுதான். முள்ளைப் புரட்டிப் போட அதில் ஒரு சின்னப் பிடி இருக்கும், பழைய கனத்த தட்டுக்கு ஒரு பக்கம், எல்பிக்கு இன்னொரு பக்கம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே முள் துள்ள ஆரம்பித்தது. பாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நாலு வரி தாண்டிவிடும். எல்லாரும் செய்கிற மாதிரி நானும் கையின் தலையில் ஒரு ஐம்பது பைசாவை வைத்தேன். துள்ளுவது நின்றது. ஆறு மாதத்தில் என்னிடமிருந்த தட்டுகள் எல்லாம் தேய்ந்து சாம்பல் பூத்து, பாடகர்கள் அத்தனை பேருக்கும் சளி பிடித்த மாதிரி ஆயிற்று. நேரே சாத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அந்த ரேடியோ செட்காரரின் சட்டையைப் பிடிக்காத குறை. "கெட்டுப் போன கார்ட்ரிட்ஜைத் தலையில கட்டிட்டீக" என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார், "எதும்மேல வச்சிருக்கீக தம்பி? அடி சமமா இருக்கா?" ஒரு கால் குட்டையான ஸ்டூலின் மேல் வைத்திருந்தேன். அடியில் ஒரு அட்டையைச் செருகியதும் காசு தேவைப்படவில்லை. அவரிடம் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நானே எல்லாம் கற்றுக்கொண்டேன். தட்டில் தூசியா, கீறலா, முள் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கம்பெனியிலும் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என் காதுதான். வெடிமருந்து புழங்குகிற ரூமில் இரும்பே கூடாது, எல்லாம் மரமும் பித்தளையுமாக இருக்க வேண்டும். ஒரு நாள் நாற்பதடி தள்ளி நடந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு இரும்புச் சாவி கல்லில் பட்ட சத்தம் கேட்டு ஓடிப் போய் அந்த ரூமைக் காலி செய்தேன். ஒருத்தியின் இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. அன்றிலிருந்து "அண்ணாச்சி காதுக்குத் தப்பாது" என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட உன் அம்மாவிடம் அதைச் சொன்னவன் நான்.

இரண்டாவது பிளேயரை உனக்கே தெரியும். மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பெல்ட்டில் ஓடுவது, மெல்லிய கை, காந்தக் கார்ட்ரிட்ஜ். இரண்டு கிராம் பாரத்துக்கு மேல் வைத்தால் அந்த முள் தாங்காது. பங்குனி சித்திரை வெயிலில் தட்டை உறையிலிருந்து உருவும்போது படபடவென்று பொரியும், கையில் ரோமம் நிற்கும். அதே பொறி மருந்து ரூமில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ரூம் வாசலில் தாமிரத் தகடு பதித்திருப்போம், ஒவ்வொருவரும் அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டிலும் பிளேயர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகடு பதித்து, அதிலிருந்து கம்பி இழுத்து மண்ணில் இறக்கினேன். நீ நாலு வயதிலேயே, எதைத் தொடுவதற்கு முன்னும் அந்தத் தகட்டைத் தொடுவாய். சாப்பிட உட்காரும்போதுகூடத் தொட்டுவிட்டு வந்து அம்மாவைச் சிரிக்க வைத்தாய். உனக்கு ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. நீ அன்று காலையில் அந்த ரூமில் விளையாடியிருந்தாய். "நான் தொடலப்பா" என்றாய். இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அடித்தேன். மூன்றாவது அடியில் "நான்தான் தொட்டேன்" என்று நீ ஒப்புக்கொண்டாய். சாயங்காலம் முள்ளைக் கழற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதில் சுற்றியிருந்தது என் தோள் துண்டின் பச்சை நூல். முந்தின நாள் நான்தான் குனிந்து தட்டை எடுத்தேன், துண்டு இழுத்திருக்கிறது. நூலை எடுத்து ஊதிவிட்டு, உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒரு வருஷம் நீ அந்த ரூமுக்குள் வரவில்லை. செய்யாத தப்பைச் செய்ததாக நீ ஒப்புக்கொண்டதை அன்று நான் ஒரு வெற்றியாகத்தான் நினைத்தேன்.

மூன்றாவது கார்ட்ரிட்ஜ் நீ மெட்ராஸிலிருந்து வாங்கி அனுப்பியது. உன் வயசுப் பிள்ளைகள் மறுபடியும் ரிக்கார்டு வாங்குகிறார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு நீயே ஒரு பிளேயர் வாங்கினாய், எனக்கும் ஒரு நல்ல கார்ட்ரிட்ஜ் அனுப்பினாய். அதை மாட்டி, பாரம் சரிபார்த்து, உட்கார்ந்து கேட்டேன். இடது பக்கம் சத்தமே இல்லை. பாட்டு முழுக்க வலது ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உடனே உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், லெப்ட் சேனல் டெட்" என்று. அது தைப்பொங்கலுக்கு முந்தின வாரம். அந்த மெசேஜ் உன் போனில் இன்னும் இருக்கும், தேடிப் பார். நீ கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறொன்று வாங்கி அனுப்பினாய். அதிலும் இடது பக்கம் இல்லை. கோபத்தில் நானே மதுரை போய் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். அதுவும் அப்படியே. இந்தக் காலத்துச் சரக்கே மோசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஆனி மாதம்தான் அந்த விபத்து. நீ அறிந்ததெல்லாம் நான் சொல்லி அறிந்தது, அதனால் நடந்தது முழுவதையும் இப்போது எழுதுகிறேன். வாண வெடிக்குள் வைக்கிற மணிமருந்தைச் சிமெண்டு மேடையில் வெயிலில் காயப் போட்டிருந்தோம். காவலுக்குப் பேச்சியம்மாள் மட்டும். மேடைக்கு அந்தப்புறம் பேக்கிங் ஷெட்டில் மூன்று பெண்கள். நான் வடக்கேயிருந்து தெற்கே போகிற பாதையில் நடந்துகொண்டிருந்தேன். மேடை எனக்கு இடப்பக்கம். வலப்பக்கம் கேட்டருகே தண்ணீர் லாரி இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. மருந்தில் ஒரு ஓரமாக எப்படியோ ஈரம் பட்டிருந்திருக்கிறது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். மெல்லிசாகப் புகை வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். புகையைக் கண்டால் தானாக எதையும் செய்யக் கூடாது, போர்மேனைக் கூப்பிட வேண்டும், போர்மேன் விசில் அடித்தால் எல்லா ரூமும் ஒரே நேரத்தில் காலியாகும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவள் அப்படியே செய்தாள். இருபது அடியில் போய்க்கொண்டிருந்த என்னை இரண்டு முறை கூப்பிட்டாள். நான் திரும்பாமல் நடந்தேன். விசில் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பேக்கிங் ஷெட்டுக்கு ஓடி மூன்று பேரையும் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். கடைசியாக அவள் வெளியே வரும்போது மேடை பற்றிக்கொண்டது. வெளிச்சம் முன்னால் வந்த பிறகுதான் நான் திரும்பினேன். அவளுக்கு வலது கை முழங்கைக்கு மேலே வரை வெந்துபோயிற்று. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு இன்றுவரை பிரியவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆபீஸ் ரூமில் விசாரித்தார்கள். "புகையைப் பாத்ததும் போர்மேன்ட்ட ஏன் சொல்லல?" என்று முதலாளி கேட்டார். "சொன்னேன் மொதலாளி. அண்ணாச்சி, அண்ணாச்சின்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காதில் எதுவும் விழவில்லை, அது சத்தியம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை நான். "இருபதடியில கூப்பிட்டா எனக்குக் கேக்காதா? நாப்பதடியில சாவி விழுந்தாக் கேக்குற ஆளு நான். பயத்துல ஓடிட்டு இப்பப் பழியை எம்மேல போடுறா" என்றேன். பேக்கிங் ஷெட்டிலிருந்த மூன்று பெண்களும் அங்கே நின்றார்கள். ஒருத்தி, "ஏதோ சத்தம் கேட்ட மாதிரி..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சியம்மாளுக்கு வேலை போயிற்று. நடந்ததை மறைத்துப் பொய் சொன்னவள் என்ற பேச்சு யூனிட் யூனிட்டாகப் பரவியது, ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. பட்டாசு வட்டாரத்தில் ஒரு ஆள்மேல் இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது என்பது உனக்கே தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் நேற்று அப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

ஆவணியில் ஒரு ஞாயிறு காலை, அந்த இடது பக்கத்தை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கார்ட்ரிட்ஜின் பின்னால் நாலு கலரில் நாலு மெல்லிய கம்பிகள் இருக்கும், இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு. அவற்றை இடம் மாற்றி மாட்டினேன். கோளாறு கார்ட்ரிட்ஜில் இருந்தால் சத்தமில்லாத பக்கம் இப்போது வலதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆம்ப்ளிபையரில் ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றினேன். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது பக்கம் ஒன்றுமில்லை. எரிச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ முதுகைத் தொட்டார்கள். உன் அம்மா இடப்பக்கம் டீயோடு நின்றாள். "எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன், ஆறிப் போச்சு" என்றாள். "கூப்பிட்டாக் கேக்காதா, சும்மா சொல்லாத" என்று அவளைத் திட்டுவதற்காக நாற்காலியோடு முழுசாகத் திரும்பினேன். பிளேயருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பாட்டும் கூடவே திரும்பிவிட்டது, தம்பி. இவ்வளவு நேரம் செத்துக் கிடந்த ஸ்பீக்கர் பாடியது, பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் செத்துப்போனது. நான் மறுபடி முன்னால் திரும்பினேன், மறுபடி பின்னால் திரும்பினேன். உன் அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதுல்ல. எப்பவும் வலப்பக்கந்தான் வந்து நிப்பேன். இன்னைக்கு அவசரத்துல மறந்துட்டேன்." அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. சொன்னால் நான் குதிப்பேன் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது பாதையும் மேடையும்தான். வடக்கேயிருந்து தெற்கே நடந்தால் மேடை எந்தப் பக்கம் என்று வீட்டிற்குள்ளேயே எழுந்து நடந்து பார்த்தேன். இடப்பக்கம்தான். மதுரையில் டாக்டர் சோதித்துவிட்டு, இடது காதில் நரம்பு அநேகமாகப் போய்விட்டது, இது நேற்று வந்ததில்லை என்றார். சாம்பிள் பட்டாசு வெடித்துப் பார்க்கும்போது முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வது என் பழக்கம். அத்தனை வருஷச் சத்தத்தையும் வாங்கிக்கொண்டது இடது காது. விபத்தில் கேட்ட சத்தத்தால்தான் காது போயிருக்கும், அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். பொங்கலுக்கு முந்தி உனக்கு அனுப்பிய மெசேஜ் நினைவுக்கு வந்து அந்த வழியும் அடைபட்டுப்போயிற்று.

அன்றைக்கே கிளம்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. ஒரு காது கேட்காதவனை யாரும் போர்மேனாக வைக்க மாட்டார்கள், காது போனால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று பயந்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, விபத்தில் உயிர் போகாமல் காப்பாற்றிய போர்மேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு வெள்ளி விளக்குக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த மூன்று பெண்களும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகும் ஒரு சீசன் முழுக்க வேலை பார்த்தேன். ஆட்களை வலப்பக்கமாக வரச் சொல்லி, எந்நேரமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த சீசனில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் சாப்பிடும்போது வந்து நிற்கிறது. முழங்கால் வலி என்று சொல்லி வேலையை விட்டபோது நீகூட நல்ல தைலம் வாங்கி அனுப்பினாய். என் முழங்காலில் ஒன்றுமில்லை.

இன்று காலை முதல் பஸ்ஸில் பேச்சியம்மாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒட்டிப்போன விரல்களாலேயே பட்டாசு அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. தண்ணி குடிக்கீகளா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவளே சொன்னாள், "வேலை இல்லைன்னு சொல்லத்தான வந்தீக? அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம்? மவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கலாம்ல."

சொன்னேன். கார்ட்ரிட்ஜ், ஸ்பீக்கர் எதையும் விடாமல் சொன்னேன். அதெல்லாம் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. பெட்டி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. முடித்ததும், "இது உங்களுக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு வருசமா."

அப்போதுதான் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல உங்களைத் திமிரு பிடிச்ச மனுசன்னு நெனச்சேன் அண்ணாச்சி. கேட்டும் கேக்காத மாதிரிப் போறீகன்னு. அப்புறம் நாளாக நாளாக எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நெசமாவே கூப்பிட்டனா, பயத்துல கூப்பிட்டதா நெனச்சுக்கிட்டனான்னு. எங்க வீட்டுக்காரரே ஒரு நா கேட்டாரு, 'நெசமாச் சொல்லு, கூப்பிட்டியா?'ன்னு. 'தெரியல'ன்னு சொன்னேன். எங்க வீட்டுல, என் வாயால, தெரியலன்னு சொன்னேன்." அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "அழாதீக. நீங்க அழுதா நான் இப்ப உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். அது என்னால ஆகாது."

உன் யூனிட்டுக்கு வேலைக்கு வரச் சொன்னேன். எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீங்க சொல்ல மாட்டீக" என்றாள். "நாலு பேரைப் பாத்ததும் உங்களுக்குக் கோவம் வந்திரும், வேற என்னமாச்சும் பேசிருவீக. எழுதுங்க. திங்கக்கிழமை பூசைக்குப் பழைய ஆளுக அம்புட்டுப் பேரும் வாராக, அந்த மூணு பேரும் வாராக. அங்கன உங்க மவன் அதை வாசிக்கட்டும். அவரு வாயால வரணும். அவுகப்பன் தப்பை அவரே வாசிச்சாருன்னா, நாளைக்கு நான் புகையுதுன்னு கத்துனா நம்புவாரு. அப்பத்தான் அந்த ரூமுக்குள்ள போயி உக்கார முடியும். இல்லன்னா வேண்டாம் அண்ணாச்சி, பெட்டி மடிச்சே இருந்துக்கிறேன்."

அவள் கேட்டது இந்தக் கடிதத்தைத்தான். அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, உன்னை அடித்த இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். பிள்ளையை ஊர் முன்னால் அதை வாசிக்க வைக்காதீர்கள் என்றாள். எடுக்க மனசு வரவில்லை. அந்த அடியில் உன்னைப் பொய்யாக ஒப்புக்கொள்ள வைத்ததும், பேச்சியம்மாளைத் "தெரியல" என்று சொல்ல வைத்ததும் ஒரே ஆள். நேற்று நீ கேட்ட கேள்வியும் முதல் வரியிலேயே இருக்கிறது, அதையும் விடாதே.

என்னைப் போர்மேனாக வைக்காதே. நீ வைக்கிற ஆள் எவ்வளவு பேர் எடுத்தவராக இருந்தாலும், முதலில் காதும் கண்ணும் சோதித்துவிட்டு வை, வருஷா வருஷம் சோதி. விசிலை அவர் கழுத்தில் மட்டும் தொங்கவிடாதே, ரூமுக்கு ஒன்று கொடு. கூப்பிட்டேன் என்று ஒரு ஆள் சொன்னால், கேட்கவில்லை என்று சொல்கிறவரை முதலில் விசாரி. தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். புதிதாகத் தொழில் ஆரம்பிக்கிற நாளில், வந்திருக்கிற சொந்தக்காரர்கள் முன்னால், அப்பனின் அசிங்கத்தை உரக்க வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் நாக்கு எழாது. வாசிக்காமல் இதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட உனக்கு உரிமை இருக்கிறது, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் உன் யூனிட்டில் யாரும் உன்னிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை, ஏதாவது ஒரு நாள் புகை வரும்போது உனக்கு அது தெரியாமலே போகும். வாசிப்பதானால், தேங்காய் உடைத்த பிறகு, ஆட்கள் ரூமுக்குப் போவதற்கு முன்னால் வாசி. நான் கூட்டத்தின் முன்னால், உனக்கு எதிரே நிற்பேன். பாதியில் எனக்குத் தாங்காது. என்னை எனக்குத் தெரியும், கையைத் தூக்கிப் போதும் என்று காட்டுவேன், ஒருவேளை உன்னைப் பார்த்துக் கத்தவும் செய்வேன். நிறுத்தாதே.

அப்பா